டாக்டருக்கென்று எடுத்துப்போன இறால்

"மார்ச் 11, செவ்வாய். காற்று தென்கிழக்கு. வெள்ளை இறால் வரத்து குறைவு. கொட்டகையில் உட்கார்ந்தது காலை ஏழு மணி. மூன்று முறை எழுந்து வெளியே வந்து நின்றேன். மூச்சு பாதிதான் உள்ளே போகிறது. தூசி என்று நினைக்கிறேன்."

இது என் நோட்டில் நானே எழுதியது. எங்கள் குப்பத்தைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்படிக் குறிப்பு எழுதிவருகிறேன். எந்தப் படகு எந்த நாளில் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியது, எந்த மழைக்குக் கடல் எதுவரை வந்தது, யார் எப்போது இறந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாளும் கிழமையும் இல்லாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. இருந்தும் "தூசி என்று நினைக்கிறேன்" என்ற அந்தக் கடைசி வரி, இத்தனை நோட்டுகளிலும் நான் எழுதிய வரிகளில் மிகத் தவறானதாக இருக்கலாம். சரியானதாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்தும் அதைச் சொல்ல முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. வேலை இறால் வியாபாரம். வீட்டுக்காரர் ஏழுமலை விசைப்படகு ஓட்டுகிறார். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்து, தலை கிள்ளி, ஓடு உரித்து, ஐஸ் போட்டு அனுப்புவது எங்கள் தொழில். எட்டுப் பெண்கள் உரிக்கிறார்கள். அவர்களை மேய்ப்பது என் நாத்தனார் அஞ்சலை. ஏலத்தில் நிற்பது நான்; அது முடிந்ததும் கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் நான்தான்.

மார்ச் 19, புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொட்டகையிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டமாக இருந்தது. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், மூச்சுத்திணறல் என்றால் காற்று கிடைக்காமல் தவிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு நெஞ்சு முழுக்கக் காற்று இருந்தது. அதை வெளியே விட வழியில்லை. நெஞ்சுக்குள் பழைய கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம். அஞ்சலைக்கே அது கேட்டதாம்.

"அண்ணி, பேசாதீங்க. பேசாதீங்கன்றேன்ல. வாயத் தொறந்தாலே கணக்குதான் சொல்லுவீங்க" என்று அதட்டிக்கொண்டே அவள் ஆட்டோவில் என்னை ஏற்றினாள். கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை என் முதுகைத் தேய்த்த கையை எடுக்கவில்லை. அந்தக் கையில் இறால் வாடை அடித்தது. பின்னால் இதை நினைத்துக் குழம்பியிருக்கிறேன். காப்பாற்றிய கையே மூச்சை அடைத்த கையாகவும் இருந்திருக்குமோ?

அவசரப் பிரிவில் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி ஒன்றை மாட்டினார்கள். மருந்தை ஆவியாக்கி உள்ளே அனுப்பும் இயந்திரம் அது. நெபுலைசர் என்றார்கள். மூன்று முறை வைத்த பிறகு, கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, "முழு மூச்சு இழுத்து, டக்குனு ஊதுங்கம்மா" என்றார்கள். பக்கவாட்டில் ஒரு முள் நகர்ந்து நூற்றெண்பதில் நின்றது. என் உயரத்துக்கும் வயதுக்கும் முந்நூற்றெழுபது, முந்நூற்றெண்பது வரவேண்டுமாம். காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை அளக்கும் கருவி அது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. நாள், நேரம், எண். இதைவிடத் தெளிவான நோய் இருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

வார்டில் ஐந்து நாள் இருந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், நுரையீரல் சுத்தமாக இருந்தது. காசநோய் இல்லை. இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு, ஐந்நூறுக்குள் இருக்கவேண்டியது, ஆயிரத்து நூறு இருந்தது. கடலோரத்தில் இந்த எண் கூடியிருந்தால் யானைக்கால் புழுவையும் யோசிப்பார்களாம். அதற்கென்று தனியாக ஒரு சோதனை செய்தார்கள். அதுவும் இல்லை.

"அப்போ இன்னாதான் இருக்குது?" என்று ஏழுமலை நெஞ்சக மருத்துவரைக் கேட்டார். அவர் சின்ன வயதுப் பெண். காரைக்கால் பக்கத்துக்காரர்.

"ஆஸ்துமாங்க. அலர்ஜியால வர்ற வகை மாதிரி தெரியுது."

"நாப்பத்தாறு வயசுலயா? கொழந்தைங்களுக்கு வர்றதுதான அது?"

"வேலை செய்யுற இடத்தால பெரியவங்களுக்கும் வரும். இத்தன வருஷம் ஒண்ணும் பண்ணாதது திடீர்னு ஒருநாள் ஒத்துக்காமப் போகும்."

பக்கத்துக் கட்டிலில் மேரியம்மா என்பவர் இருந்தார். ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் முப்பது வருஷம் சமையல் செய்தவர். நர்ஸ் மாத்திரை கொடுத்தால் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். ஆஸ்துமாவில் என்னைவிட இருபது வருஷம் மூத்தவர் என்பதில் அவருக்குப் பெருமை. மருத்துவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கேட்டியா, எறாக்காரிக்கு எறா ஆகாதாம்! நாய்க்கு எலும்பு ஆகாதுன்ற மாதிரி இல்ல இருக்குது!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு விசிலடித்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பயம் வந்தது. அதுவரை, உயிர் போய்விடுமோ என்று மட்டும்தான் பயந்திருந்தேன். தொழில் போய்விடுமோ என்று யோசிக்கவில்லை.

மறுநாள் மருத்துவர் என் பதிவேட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். நானாக நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

எங்கள் குப்பத்தில் கோயில் வாசலில் மைக் செட் உண்டு. கடலில் ஏதாவது ஆபத்து என்றால் ஒருவர் ஓடிப்போய்ச் சொல்வார், மைக்கில் அறிவிப்பார்கள், ஊரே கரைக்கு வந்துவிடும். உடம்பிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூச்சோடு உள்ளே வரும் பொருளைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும் அணுக்கள் உண்டு. அதைக் கேட்டு அறிவிப்புச் செய்பவை டி அணுக்கள். அறிவிப்பு தவறாகப் போனால், பி அணுக்கள் என்ற இன்னொரு வகை, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். ஒவ்வொரு ஐஜிஇக்கும் ஒரே ஒரு பொருளைத்தான் அடையாளம் தெரியும். அது போய் மூச்சுக்குழாயின் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல் என்ற அணுவின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே பொருள் வந்ததும் மாஸ்ட் செல் வெடித்தாற்போலத் தன்னிடம் உள்ள ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டிவிடும். குழாய் சுருங்கும், சளி கூடும். இது சில நிமிஷங்களில் நடந்துவிடும்.

ஈசினோஃபில்கள் அதற்குப் பிறகு வருபவை. நான்கு மணி, ஆறு மணி நேரம் கழித்துக் கூட்டமாக வரும். வந்தவை போகாது. குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிவிட்டு அங்கேயே கிடக்கும். அதனால்தான் காலையில் கொட்டகையில் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் இருமுவேன். வீட்டில் இருமியதால் வீட்டைச் சந்தேகப்பட்டேன்.

"புழு பூச்சிய விரட்டத்தாம்மா இந்த அணுவெல்லாம் இருக்குது. உங்க உடம்புல ஆள் மாறி அடிக்குது" என்றார் மருத்துவர்.

"யார அடிக்குது?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். எறாவா இருந்தா, நீங்க அந்தத் தொழிலு பக்கமே போகக்கூடாது. ஆவி, உரிக்கும்போது தெறிக்குற தண்ணி, எதுவும் ஆகாது. வீட்டுத் தூசில இருக்குற பூச்சியா இருந்தா, வீட்ட சரிபண்ணிட்டு வேலைக்குப் போலாம்."

நான் ஒரு கேள்வி கேட்டேன். மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்கு சாப்பிட்டேன், நோட்டில் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே? சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமல், மூச்சில் போனால் மட்டும் ஆகிறவர்களும் உண்டு என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை. ஆனால் உண்மைதானாம்.

மார்ச் 24, திங்கள்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் காலையும் மாலையும் இழுக்க ஓர் இன்ஹேலர், அவசரத்துக்கு நீல நிறத்தில் ஒன்று. ஏப்ரல் 3, வியாழக்கிழமை தோல் சோதனை. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து சளி, அரிப்பு மாத்திரை எதுவும் போடக்கூடாது. "உரிக்கிற எறாவையும் கொஞ்சம் கொண்டாங்க, அதையும் குத்திப் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். பிழை இங்கேதான் நடந்தது. செய்தது அஞ்சலை. ஆனால் எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சோதனை அன்று அவள் புது எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். மருத்துவர் மூடியைத் திறந்தார். ஒரே அளவில் எட்டு இறால். விடியற்காலை கரைக்கு வந்த ஃபைபர் படகிலிருந்து, ஏலத்துக்குப் போகும் முன்பே பொறுக்கி எடுத்தது. தலை எடுத்து, ஓடு உரித்து, முதுகைக் கீறிக் குடல் நீக்கி, ஏழு தண்ணீரில் அலசி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்திருந்தாள்.

"சமைக்கவாம்மா கொண்டாந்தீங்க?" என்றார் மருத்துவர்.

"மீதிய நீங்க வீட்டுக்கு எடுத்துனு போங்கம்மா. நல்ல எறா."

மஞ்சளைக் கழுவிவிட்டு, ஊசியால் முதலில் இறாலைக் குத்தி, பிறகு அதே ஊசியால் என் முன்கையைக் குத்தினார்கள். வரிசையாகப் பேனாவில் கோடு போட்டு, மற்ற சொட்டுகளையும் வைத்தார்கள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அது வீங்கக்கூடாது. ஒன்று ஹிஸ்டமின், அது வீங்கியே ஆகவேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். அப்புறம் தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை. கையை நீட்டிக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். தூசிப்பூச்சி பெரிதாகக் கொசு கடித்தாற்போல எழும்பியது. கரப்பான் நடுத்தரம். இறால் சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல் எழும்பியது.

"எறாதானா?" என்றேன்.

"இருக்கலாம். ஆனா பாருங்க, எறா, கரப்பான், தூசிப்பூச்சி மூணுலயும் ஏறக்கொறைய ஒரே மாதிரி புரதம் ஒண்ணு இருக்குது. தூசிப்பூச்சிக்குன்னு தயாரான ஐஜிஇ, எறாவையும் அதுதான்னு நெனச்சு வீங்கியிருக்கலாம். இல்ல, எறாவுக்குத் தயாரானது பூச்சிய அடிக்கலாம். எது முந்தின்னு இந்தக் கைய வெச்சு சொல்ல முடியாது."

மூன்றும் கடலிலும் சுவரிலும் மெத்தையிலும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்பவை. என் உடம்புக்கு மட்டும் அவை ஒரே ஆளாகத் தெரிகின்றன. இதை எழுதிக்கொண்டு, கீழே "விளங்கவில்லை" என்றும் எழுதினேன்.

மருத்துவர் டப்பாவை இன்னொரு முறை பார்த்தார். "உங்க கொட்டகைல உரிக்கிறதும் இதேதானா?"

அஞ்சலை பதறிவிட்டாள். "அய்ய, அதப் போய் டாக்டருக்குக் கொண்டார முடியுமா? அது ரெண்டு மூணு நாளு ஐஸ்ல கெடந்துனு வர்றது. பொடி போட்டது."

"என்ன பொடி?"

இறால் பிடித்த சில மணி நேரத்தில் தலையும் ஓடும் கறுக்கத் தொடங்கும். கறுப்பு விழுந்தால் வாங்க மாட்டார்கள். அதைத் தடுக்கக் கடலிலேயே ஐஸோடு ஒரு வெள்ளைப் பொடி தூவுவார்கள். கொட்டகையிலும் தொட்டித் தண்ணீரில் கரைத்து முக்கி எடுப்போம். தீக்குச்சி கிழித்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாடை அடிக்கும். எல்லாரும் செய்வதுதான், இருபது வருஷமாக நாங்களும் செய்கிறோம். அது எங்களுக்குப் பேச்சில் எடுக்கும் விஷயமாகவே தோன்றியதில்லை. இத்தனை நாள் கேட்டவர்களிடம் எல்லாம் "இறால்" என்றுதான் சொன்னேன். பொடி என்று ஒருமுறையும் சொல்லவில்லை. என் நோட்டில்கூட அந்தச் சொல் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மருத்துவர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பொடியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அதற்கு எதிர்ப்பொருளும் கிடையாது, மாஸ்ட் செல்லில் காத்திருக்கும் அடையாளமும் கிடையாது. அது வெறும் எரிச்சல், தோலில் குத்தினால் தெரியாது. ஆனால் ஏற்கெனவே ஈசினோஃபில்களால் புண்ணாகியிருக்கும் குழாயை அது ஒரே நொடியில் இறுக்கிவிடும்.

"அப்போ பொடியா, எறாவா, வீட்டுப் பூச்சியா?" என்றார் வாசலில் நின்றிருந்த ஏழுமலை.

"மூணும் சேந்தும் இருக்கலாம்."

"அண்ணி கொட்டகைக்கு வருவாங்களா வர மாட்டாங்களா, அத மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள் அஞ்சலை. அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல இறாலாகக் கொண்டுவந்ததற்குத் திட்டு வாங்குவோம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. யாரும் திட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பொடி என்றால் பொடியை விட்டுவிட்டு நான் இருக்கலாம். இறால் என்றால் நான் தொழிலைவிட்டுப் போகவேண்டும். கண்டுபிடிக்க ஒரே வழி, ஊதும் குழாய்தான் என்றார் மருத்துவர். வேலையில்லாத நாட்களில் தினம் நான்கு முறை ஊதி எழுதவேண்டும். பிறகு பொடியில்லாத இறாலோடு இரண்டு வாரம், பொடி போட்டதோடு இரண்டு வாரம். முள் இருநூற்றைம்பதுக்குக் கீழே போனால் உடனே வெளியேறி நீல இன்ஹேலரை இழுக்கவேண்டும், அங்கேயே நிறுத்திவிடவேண்டும். எழுதுவதுதான் வேலை என்றால் அதற்கு என்னைவிட ஆள் கிடையாது.

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது, கொட்டகை மூடியிருக்கும். ஏப்ரல் 14 அன்று முந்நூறு. மே 12 அன்று முந்நூற்றைம்பது. ஜூன் 9 அன்று முந்நூற்றெழுபது. கோடு போட்டாற்போல ஏறியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பதுதான் கொடுமை. இதே நாட்களில்தான் இன்ஹேலர் மருந்து ஈசினோஃபில்களை அடக்கிக்கொண்டிருந்தது. இதே நாட்களில்தான் ஏழுமலை, கேட்காமலே, வீட்டு மூலையில் கிடந்த பழைய வலைகளை அள்ளிக் கொண்டுபோய்ப் படகில் போட்டார். பஞ்சு மெத்தையை எடுத்தெறிந்துவிட்டுப் பாய் வாங்கினார். தலையணை உறையை வாராவாரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் துவைத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அண்டாவில் உறையைக் கிண்டுவதைப் பார்த்து, "இன்னா மாமா, கொழம்பு வெக்கிறியா?" என்று தெருவே கேலி செய்தது. "ஆமா, பூச்சிக் கொழம்பு. வந்து சாப்புட்டுப் போ" என்பார்.

எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைக் காப்பாற்றியதால், எது காப்பாற்றியது என்று தெரியவில்லை. முந்தைய மூன்று ஆண்டு நோட்டுகளையும் புரட்டினேன். இரண்டு ஆண்டுகளில் தடைக்காலத்தில் இருமல் என்ற சொல்லே இல்லை. ஓர் ஆண்டில் மட்டும் மே மாதம் நான்கு இடத்தில் இருக்கிறது. அந்த மே மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறோம்.

ஜூன் 15 அன்று படகுகள் கிளம்பின. முதல் பிடி பொடியில்லாமல் வரவேண்டும் என்று ஏழுமலையிடம் சொல்லி அனுப்பினேன். படகில் பொடி ஏற்றவேண்டாம், கூட வரும் பசங்களிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். ஜூன் 17, செவ்வாய்க்கிழமை காலை கரைக்கு வந்தார்கள். கொட்டகையில் பொடித் தொட்டியை அஞ்சலை கவிழ்த்து வைத்திருந்தாள். என்னை வாசலோரம் உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, உரிக்கும் பெண்களிடம், "அண்ணிகிட்ட யாரும் பேச்சுக் குடுக்காதீங்க, ஊதணும்" என்று கட்டளையும் போட்டாள்.

காலை எட்டு மணிக்கு முந்நூற்றெழுபது. இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு முந்நூற்று முப்பது. தவறாக ஊதியிருப்பேன் என்று மறுபடி ஊதினேன். முந்நூற்றிருபத்தைந்து. இரண்டு மணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு. நெஞ்சில் அந்தக் கதவுச் சத்தம். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அஞ்சலை அளவைப் பார்த்தாள். உள்ளே போய் எனக்கு வைத்திருந்த மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள்.

சாயங்காலம் ஏழுமலை வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"படகுல பொடி போட்டீங்களா?"

"போடலன்னு காலையிலயே சொன்னேன்ல."

"பசங்க?"

"பொடியே ஏத்தல. எங்கேர்ந்து போடுவானுங்க?"

"போன தடவ மிச்சம் கெடந்திருக்கும். ஐஸ் பெட்டில இருந்திருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடி தனம், போடாததப் போட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

ஆமாம், அதைத்தான் கேட்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டில் அவர் பொய் சொல்கிறாரோ என்று பயந்த நாட்கள் சில உண்டு. பொய் சொல்லியிருக்கக்கூடாதா என்று ஏங்கியது அன்றைக்குத்தான். அவர் சொல்வது உண்மையானால், என் அணுக்கள் காத்திருப்பது இறாலுக்காகவே. நான் அந்தக் கொட்டகைக்குள் இனி போகவே முடியாது.

ஜூன் 26, வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கவேண்டும். எண்களையெல்லாம் எழுதி வைத்துவிட்டேன். அவர் முதலில் கேட்கப்போவது, அந்த இறாலில் பொடி இருந்ததா என்றுதான். இல்லை என்று படகை ஓட்டியவர் சொல்கிறார். படகில் போன மற்ற நால்வரை நான் இன்னும் கேட்கவில்லை. எனவே, ஜூன் 17 அன்று வந்த இறாலில் பொடி இருந்ததா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.